காலியாக விட்ட கட்டம்

வரலாறு சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்ற பிறகு, சென்னையில் உள்ள ஒரு கிறிஸ்தவத் தொண்டு நிறுவனத்தின் ஆட்சிக்குழுவில் சில ஆண்டுகள் இருந்தேன். திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு, விழுப்புரம் பக்கத்துக் கிராமங்களில் ஏழைக் குடும்பங்களோடு வேலை செய்யும் அமைப்பு அது. பெயர் இங்கே தேவையில்லை. 2021இல் அந்த அமைப்புக்கு ஓர் அட்வகசி இயக்குநரைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் என்னையும் சேர்த்தார்கள். அரசிடமும் நீதிமன்றத்திடமும் சபைகளிடமும் ஏழைகளோடு நின்று அவர்களுக்கு உரியதைக் கேட்டுப் பெறுவதுதான் அந்தப் பதவியின் வேலை. மனு, வழக்கு, தகவல் உரிமைச் சட்டம், பட்ஜெட் கணக்கு, சட்டத் திருத்தம் எல்லாம் அதற்குள் அடங்கும். எங்கள் அமைப்பில் அதுவரை அப்படி ஒரு நாற்காலியே கிடையாது.

கொடுப்பதில் எங்கள் ஆட்கள் கெட்டிக்காரர்கள். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2018 கஜா புயலிலும் மற்ற யாரும் எட்டிப் பார்ப்பதற்கு முன்னால் எங்கள் அரிசி மூட்டை போய் இறங்கிய ஊர்கள் உண்டு. தையல் மிஷின், ஆட்டுக்குட்டி, பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம், கண் ஆபரேஷன் என்று வருஷம் முழுக்க ஏதாவது போய்க்கொண்டிருக்கும். இதில் எதையும் நான் குறைத்துப் பேச மாட்டேன். பசியோடு இருப்பவருக்கு முதலில் சோறுதான் வேண்டும்.

ஆனால் செங்கல் சூளையிலிருந்து விடுவிக்கப்பட்ட சில இருளர் பழங்குடிக் குடும்பங்களின் கதை எங்களை யோசிக்க வைத்தது. கோட்டாட்சியர் நேரில் வந்து விசாரித்து, கொத்தடிமைகள் என்று கண்டு, விடுதலைச் சான்றிதழ் கொடுத்து அனுப்பியவர்கள் அவர்கள். எங்கள் அமைப்பு பாத்திரம், பாய், தார்ப்பாய், ஆடு எல்லாம் வாங்கிக் கொடுத்தது. மறு வருஷம் களப்பணியாளர் போய்ப் பார்த்தால், பாதிப் பேர் வேறொரு சூளையில் முன்பணம் வாங்கிக்கொண்டு கல் அறுத்துக்கொண்டிருந்தார்கள். ஆட்டை விற்றாயிற்று. குடியிருந்த இடத்துக்குப் பட்டா இல்லை. பழங்குடிச் சான்றிதழ் கேட்டுப் போட்ட விண்ணப்பம் எங்கோ கிடந்தது. அரசு தர வேண்டிய மறுவாழ்வுத் தொகையில் முதல் தவணைக்கு மேல் ஒன்றும் வரவில்லை.

சட்டத்தில் குறை என்று சொல்ல முடியாது. 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம், முன்பணக் கடன் முழுவதையும் ஒரேயடியாக ரத்து செய்கிறது. கடன் கொத்தடிமைக் கடன் அல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பை அதன் 15ஆம் பிரிவு முதலாளியின் தலையில்தான் வைக்கிறது. மாவட்டத்துக்கும் கோட்டத்துக்கும் கண்காணிப்புக் குழு அமைக்க வேண்டும், அதில் பட்டியல் சாதி, பழங்குடி மக்களில் மூன்று பேர் உட்கார வேண்டும் என்று 13ஆம் பிரிவு சொல்கிறது. 2016இல் மத்திய அரசு மறுவாழ்வுத் தொகையை ஆண்களுக்கு 1 லட்சம், பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் 2 லட்சம், மிகக் கொடுமையான நிலையில் இருந்தவர்களுக்கு 3 லட்சம் என்று உயர்த்தியது. உடனடி உதவி போக, மீதித் தொகையை முதலாளிக்குக் கிடைக்கும் தண்டனைத் தீர்ப்போடு முடிச்சுப் போட்டுவிட்டார்கள். வழக்கு முடிந்தால்தான் பணம். கைக்குழந்தையோடு வெளியே வந்த பெண் அதுவரை எதைச் சாப்பிட்டுக் காத்திருப்பாள்?

எங்கள் மூத்த களப்பணியாளர் ஒருவர், அதிகம் பேசாத மனிதர், மாதக் கூட்டத்தில் எழுந்து கேட்டார்: “டீச்சர், நாம பாத்திரம் வாங்கிக் குடுக்குறோம். அவங்களுக்குச் சேர வேண்டிய பணத்த யாரு கேட்டு வாங்கிக் குடுக்குறது?” அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் இந்தப் பதவியே உருவானது.

ஆட்சிக்குழுவில் இதற்கு எளிதில் சம்மதம் கிடைக்கவில்லை. கலெக்டர் ஆபீஸ் வாசலில் நிற்பது அரசியல், அது சபைக்கு ஒத்து வராது, முன்னோர்கள் நமக்கு விட்டுப்போனது பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும்தான் என்று இரண்டு பேர் உறுதியாகச் சொன்னார்கள். வரலாற்று வாத்தியார் என்ற முறையில் அதற்கு நான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. முன்னோர்கள் பள்ளிக்கூடம் மட்டும் கட்டவில்லை. திருவிதாங்கூரில் அடிமை முறையை ஒழிக்கும்படி மிஷனரிகள் 1847இல் மகாராஜாவுக்கு மனு கொடுத்தார்கள். 1855இல் அங்கே அடிமை முறை முழுவதுமாக ஒழிக்கப்பட்டது. எங்கள் அமைப்பு வேலை செய்யும் இதே செங்கல்பட்டுச் சீமையில், ஸ்காட்லாந்து மிஷனைச் சேர்ந்த ஆதாம் ஆண்ட்ரூவும் வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த வில்லியம் கௌடியும் பறையர் மக்களுக்கு நிலம் வேண்டும் என்று விடாமல் எழுதினார்கள், பேசினார்கள், அரசை நச்சரித்தார்கள். ஆண்ட்ரூ உண்டாக்கிய மெல்ரோசாபுரம் குடியிருப்பு இன்றும் ஊராக இருக்கிறது. மிராசுதார்களின் எதிர்ப்பை அவர்கள் சம்பாதித்துக்கொண்டதும் இந்த வேலையால்தான். 1891இல் கலெக்டர் ட்ரெமன்ஹீர் செங்கல்பட்டுப் பறையர்களின் நிலை குறித்துக் கொடுத்த அறிக்கையும், 1892இல் வந்த அரசாணையும், நாம் இன்று பஞ்சமி நிலம் என்று சொல்வதும் இந்தக் கூச்சல்களுக்கு நடுவே பிறந்தவை. அப்படிக் கொடுத்த நிலம் பிறகு கைமாறிப் போனது. அதை மீட்க 1994இல் காரணையில் நடந்த போராட்டத்தில் போலீஸ் சுட்டு ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் இறந்தார்கள். ஒருவர் பெயர் கிறிஸ்தவப் பெயர், மற்றவர் பெயர் மலைமேல் இருக்கும் சாமியின் பெயர். கேட்டது ஒரே நிலம்.

இதைச் சொல்லி முடித்ததும் எதிர்ப்பு அடங்கியது என்று சொல்ல மாட்டேன். “பார்ப்போம்” என்கிற அளவுக்கு இறங்கி வந்தார்கள்.

அடுத்து பணம். எங்கள் பொருளாளர் திருநெல்வேலிக்காரர், வங்கி மேலாளராக இருந்து ஓய்வுபெற்றவர், எல்லோருக்கும் அண்ணாச்சி. 2020 செப்டம்பரில் எஃப்.சி.ஆர்.ஏ. எனும் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தைத் திருத்தியிருந்தார்கள். வெளிநாட்டு நன்கொடையில் நிர்வாகச் செலவுக்கு முன்பு 50 சதவீதம் வரை போகலாம். இப்போது 20 சதவீதம்தான். ஆஸ்பத்திரி டாக்டரின் சம்பளமும் பள்ளி ஆசிரியரின் சம்பளமும் நிர்வாகச் செலவில் சேராது என்று விதியில் தெளிவாக இருக்கிறது. அட்வகசி இயக்குநரின் சம்பளத்துக்கு அப்படித் தெளிவான விலக்கு எதுவும் கிடையாது. வாங்கிய நிதியில் ஒரு பகுதியைச் சிறிய அமைப்புகளுக்குப் பகிர்ந்து கொடுப்பதும் அந்தத் திருத்தத்தோடு நின்றுபோயிற்று. அதுவரை எங்களோடு கைகோத்து வேலை செய்த சின்னச் சின்ன கிராமச் சங்கங்கள் ஒரே வருஷத்தில் காய்ந்துபோனதைக் கண்ணால் பார்த்தேன்.

அண்ணாச்சிக்கு இன்னொரு பயமும் இருந்தது: மறியல், போராட்டம் என்று யாராவது பெயரைச் சொன்னால் உரிமமே போய்விடும் என்று. கட்சி அரசியலோடு சம்பந்தம் இல்லாத அமைப்பு, மக்கள் உரிமைக்காக நடக்கும் பந்த், மறியல் போன்றவற்றை ஆதரித்தது என்பதற்காக மட்டும் அதை அரசியல் அமைப்பு என்று முத்திரை குத்த முடியாது என்று 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. அந்தத் தீர்ப்பை அச்செடுத்துக் கொடுத்தோம். அவர் பென்சிலால் அடிக்கோடு போட்டு முழுவதும் படித்தார். படித்துவிட்டு ஒரு யோசனை சொன்னார். இந்தச் சம்பளத்துக்கு வெளிநாட்டுக் காசே வேண்டாம். சபைகளிடம் கேட்போம்.

அந்த யோசனையின் அருமை எனக்கு உடனே புரிந்தது. 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கியவர்கள், அசரியா முதலானோர், வெளிநாட்டுப் பணத்தை நம்பாமல் நம் ஜனங்களின் காணிக்கையிலேயே நடத்துவது என்று முடிவெடுத்தவர்கள். அண்ணாச்சி அந்தச் சங்கத்தின் பரம்பரையில் வளர்ந்தவர். அம்மாமார் உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி எடுத்து வைக்கும் அரிசி, அறுப்பின் பண்டிகையில் ஏலம் போகும் பூசணிக்காயும் சேவலும், இப்படிச் சேர்ந்த காசில் ஊழியருக்குச் சம்பளம் கொடுத்த ஊர்க்காரர். அவரே சில சபைகளுக்குப் போய்ப் பேசினார். தென்மாவட்டச் சபைகளும் சென்னைச் சபைகள் சிலவும் மாதாமாதம் தருவதாக எழுதிக் கொடுத்தன. ஏழைகளுக்காகப் பேசப்போகிறவருக்கு, ஏழைகளில் பலரும் சேர்ந்து சம்பளம் கொடுத்தார்கள். பெரிய சம்பளம் என்று சொல்ல முடியாது. ஆனால் கௌரவமான சம்பளம். தியாகம் செய்யச் சொல்லி ஆள் எடுப்பதில் எனக்கு உடன்பாடு கிடையாது. ஊழியம் என்ற பெயரில் கூலியைக் குறைப்பது கிறிஸ்தவ அமைப்புகளில் பரவலாக இருக்கிறது. பிறருடைய கூலிக்காக வாதாடப் போகிறவரிடம் அதைச் செய்வது பெரிய அநியாயம்.

விளம்பரம் போட்டோம். விண்ணப்பங்கள் நிறையவே வந்தன. அதிலிருந்து சிலரை அழைத்து, எழுத்து வேலை ஒன்று கொடுத்தோம். பெயர்களை மாற்றி, சூளைக் குடும்பங்களின் கோப்பைக் கையில் கொடுத்து, இரண்டு எழுதச் சொன்னோம்: அதிகாரிக்கு ஒரு மனு, ஞாயிறு ஆராதனைக்கு ஒரு பிரசங்கம். இரண்டும் ஒரே விஷயத்தைப் பற்றி இருக்க வேண்டும். இந்த யோசனை எங்கள் குழுத் தலைவருடையது. அவர் ஓய்வுபெற்ற குருவானவர். “அரசாங்கத்துக்கிட்ட தைரியமாப் பேசுறவன் சபைக்கு முன்னால வந்தா நடுங்குவான். சபையில முழங்குறவன் தாசில்தார் முன்னால நடுங்குவான். ரெண்டு இடத்துலயும் நிக்கிற ஆள் வேணும்” என்றார்.

தலைமைச் செயலகத்தில் நீண்ட காலம் இருந்து ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் வந்திருந்தார். கோப்பு எந்த மேஜையில் ஏன் தூங்கும் என்பது அவருக்கு அத்துப்படி. அவருடைய மனு கச்சிதமாக இருந்தது. நேர்காணலில், “இதுக்கெல்லாம் மனுவே வேண்டாம், ஒரு போன் போட்டா முடிச்சுடலாம்” என்றார். நல்லெண்ணத்தோடுதான் சொன்னார், செய்தும் காட்டியிருப்பார். ஆனால் தெரிந்தவர் மூலம் முடிகிற காரியம், தெரிந்தவர் மாற்றலாகிப் போனதும் நின்றுவிடும். அடுத்த குடும்பத்துக்கு அதில் வழி இருக்காது. வெளிநாட்டில் இறையியல் படித்துவந்த இளம் போதகர் ஒருவரின் பிரசங்கம் என் கண்ணில் நீர் வரவைத்தது. அவருடைய மனுவும் பிரசங்கமாகவே இருந்தது. யாரிடம் என்ன கேட்கிறோம் என்பது கடைசி வரியில்கூட இல்லை. டெல்லியில் பிரசார அமைப்பொன்றில் வேலை பார்த்த தம்பி ஒருவர் பழங்குடியினர் துணைத் திட்டத்தின் ஒதுக்கீட்டையும் செலவையும் அட்டவணை போட்டு இணைத்திருந்தார். அபாரமான வேலை. கிராமத்தில் போய் உட்கார்ந்து பேசிய அனுபவம் அவருக்கு இன்னும் வரவில்லை. பிறகு பட்ஜெட் ஆய்வுக்கு அவரை ஆலோசகராக வைத்துக்கொண்டோம்.

நான்காவது விண்ணப்பம் ஒரு வழக்கறிஞருடையது. நாற்பது வயதைத் தாண்டியவர். ஒரு தாலுகா ஊரின் நீதிமன்றத்தில் வழக்காடிக்கொண்டிருந்தார். அம்மா வயல் வேலைக்குப் போய்ப் படிக்கவைத்த பெண். அவருடைய மனு ஒரே பக்கம். முதல் பத்தியிலேயே 15ஆம் பிரிவைச் சொல்லி, முதலாளியிடமிருந்து ஆதாரம் கேட்டீர்களா, தொழிலாளியிடமிருந்து கேட்டீர்களா என்று கோட்டாட்சியரிடம் மரியாதையோடு கேட்டிருந்தார். அதோடு தனியாக ஒரு தகவல் உரிமை விண்ணப்பம்: கடந்த ஆண்டுகளில் கண்காணிப்புக் குழு கூடிய தேதிகள், கலந்துகொண்டவர்களின் பெயர்கள், கூட்டக் குறிப்பின் நகல். இவ்வளவுதான். சட்டம் தெரிந்தவர்கள் நிறையப் பேர் உண்டு. சட்டத்தின் எந்த மூலையைப் பிடித்து இழுத்தால் முடிச்சு அவிழும் என்று தெரிந்தவர் இவர்.

பிரசங்கத்துக்கு அவர் எடுத்த பகுதி நெகேமியாவின் 5ஆம் அதிகாரம். கடனுக்காக வயலையும் வீட்டையும் அடகு வைத்து, பிள்ளைகளையும் அடிமையாகக் கொடுத்த ஜனங்கள் கூக்குரலிடுகிறார்கள். கடன் கொடுத்தவர்கள் அந்நியர்கள் அல்ல, சொந்தச் சகோதரர்கள். நெகேமியா அவர்களைச் சபை நடுவே நிறுத்தி, வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கச் சொல்கிறார். கொத்தடிமை முறையைப் பற்றி நான் கேட்ட பிரசங்கங்களில் சூளை முதலாளி எப்போதும் வெளியாளாகவே இருப்பார். இவர் அப்படி விடவில்லை. நம் சபை மூப்பர்களில் சூளை வைத்திருப்பவர் இருந்தால் என்ன செய்வோம் என்று கேட்டிருந்தார். திருச்சியில் ஒரு கல்லறைத் தோட்டத்தின் நடுவே சாதிக்காகச் சுவர் நின்றது ஊரறிந்த செய்தி. அதையும் சொல்லாமல் விடவில்லை.

எல்லாம் சரி. அவருடைய படிவத்தில் ஒரு கட்டம் மட்டும் காலியாக இருந்தது. ‘ஞானஸ்நானம் பெற்ற தேதி, சபை, சான்றிதழ் நகல் இணைக்கவும்’ என்ற கட்டம். டிரைவர் முதல் இயக்குநர் வரை எங்கள் எல்லா வேலைக்கும் அந்தப் படிவம்தான்.

நேர்காணலில் தலைவர் கேட்டார்: “இத விட்டுட்டீங்களேம்மா, மறந்துட்டீங்களா?”

“மறக்கல ஐயா. வேணும்னுதான் விட்டேன். சான்றிதழ் என் பையில இருக்கு. பாக்கணும்னா இப்பவே காட்டுறேன். என் சாதிச் சான்றிதழும் இருக்கு, அதுல கிறிஸ்தவ ஆதிதிராவிடர், பி.சி.ன்னுதான் போட்டிருக்கு. எனக்கு இழக்குறதுக்கு இனிமே ஒண்ணுமில்ல. ஆனா இந்தக் கட்டம் படிவத்துல இருக்கிற வரைக்கும், எனக்குக் கீழ களத்துல வேலை செய்ய நான் யாரக் கூப்பிடணும்னு நெனைக்கிறேனோ, அவங்களால விண்ணப்பமே போட முடியாது.”

வெளியூர் வாசகர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்துக்கள் மட்டுமே பட்டியல் சாதியினர். 1956இல் சீக்கியர்களையும் 1990இல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் இன்றுவரை வெளியே. தமிழ்நாட்டில், பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவரானவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போகிறார். கல்லூரி இடமும் உதவித்தொகையும் மட்டும் போகவில்லை. பஞ்சாயத்தில் தனித் தொகுதியில் நிற்கும் உரிமையும், 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் தரும் பாதுகாப்பும் சேர்ந்தே போகின்றன. அவரை அடித்தவனுக்கு அவர் எந்தக் கோயிலுக்குப் போகிறார் என்பது பொருட்டில்லை. புகார் எழுதும் ஏட்டுக்கு அது பொருட்டாகிறது. சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்த சூசை என்பவர், மற்றத் தொழிலாளிகளுக்குக் கொடுத்த பெட்டிக் கடையைக் கிறிஸ்தவர் என்பதால் தனக்கு மறுத்தார்கள் என்று உச்ச நீதிமன்றம் வரை போனார். 1985இல் அவருடைய மனு தள்ளுபடியானது.

அதனால் வடமாவட்டக் கிராமங்களில் பல குடும்பங்கள் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வருகின்றன, சான்றிதழில் இந்துவாக இருக்கின்றன. எங்கள் படிவம் கேட்ட அந்த ஒரு தாள் வெளியே போனால், ஒரு வீட்டின் பிள்ளைகள் அத்தனை பேருடைய படிப்பும் கேள்விக்குள்ளாகும். ஏழைகளுக்கென்றே இருக்கும் அமைப்பு, ஏழைகளிடம் கேட்கக்கூடாத தாளைக் கேட்டுக்கொண்டிருந்தது.

குழுவில் இருந்த டாக்டர் ஒருவர் இதை ஏற்கவில்லை. மிஷன் ஆஸ்பத்திரியில் வாழ்நாளெல்லாம் உழைத்த நேர்மையாளர். அவர் கேட்ட கேள்வி லேசானதல்ல. “மறைச்சு வைக்கிற விசுவாசம் என்னம்மா விசுவாசம்? சான்றிதழ் ஒண்ணு, வாழ்க்கை ஒண்ணுன்னு இருந்துட்டு, அரசாங்கத்துக்கிட்டப் போய் நேர்மையப் பத்தி எப்படிப் பேசுவீங்க?”

அந்த வழக்கறிஞர் உடனே பதில் சொல்லவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு, “கேள்வி நியாயமானதுதான் டாக்டர் ஐயா. நான் என் சான்றிதழ மாத்திக்கிட்டது அந்தக் கேள்விக்குப் பயந்துதான். அதனால என் தம்பி மெடிக்கல் சீட்ட விட்டான். அவன்கிட்டப் போய் நான் செஞ்சது சரின்னு சொல்ல எனக்கு வாய் வரல. ஒண்ணு மட்டும் கேக்குறேன். இந்தக் கேள்விய நாம அந்த ஜனங்ககிட்ட மட்டும் ஏன் கேக்குறோம்?” என்றார்.

அதுவரை பேசாமல் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த அண்ணாச்சி பேனாவை மூடினார். “என் சான்றிதழ்ல கிறிஸ்தவ நாடார்னுதான் இருக்கு. இந்து நாடாருக்கும் பி.சி., எனக்கும் பி.சி. கிறிஸ்தவனா இருந்ததால எனக்கோ என் பிள்ளைகளுக்கோ ஒரு பைசா நஷ்டமில்ல. எங்கள யாரும் இந்தக் கேள்வி கேட்டதில்ல டாக்டர்.”

ஆட்சிக்குழுக் கூட்டங்களில் எத்தனையோ பேச்சுகள் கேட்டிருக்கிறேன். ஒருவர் தன் சாதிக்குக் கிடைத்த வசதியைத் தானே எடுத்து மேஜைமேல் வைத்ததை அன்றுதான் பார்த்தேன்.

நேர்காணல் முடிந்த பிறகு வாக்குவாதம் நீண்டது. கிறிஸ்தவ அமைப்பின் தலைமைப் பொறுப்புக்கு வருகிறவர் கிறிஸ்தவராக இருக்க வேண்டுமா என்ற கேள்வியும் அதில் வந்தது. இருக்க வேண்டும் என்பதுதான் என் கருத்து. பிஷப்பிடமும் சபை மூப்பர்களிடமும் உள்ளிருந்து பேசும் தகுதி அந்தப் பதவிக்கு வேண்டும். வெளியிலிருந்து ஒருவர் வந்து கல்லறைச் சுவரைப் பற்றிப் பேசினால் வாசலோடு அனுப்பிவிடுவார்கள். ஆனால் விசுவாசத்தை உட்கார்ந்து பேசித் தெரிந்துகொள்ளலாம், அதற்கு நகல் எடுத்த தாள் தேவையில்லை. களப்பணிக்கும் ஓட்டுநருக்கும் கணக்கருக்கும் அந்தக் கேள்வியே தேவையில்லை. திண்டிவனத்தில் பேராசிரியர் பிரபா கல்விமணி இருளர்களுக்காகப் பல ஆண்டுகளாகச் செய்துவரும் வேலைக்கு யாரும் மதச் சான்றிதழ் கேட்டதில்லை. அந்த மக்களின் நம்பிக்கையைச் சம்பாதித்ததுதான் அவருடைய சான்றிதழ்.

கடைசியில் அந்தக் கட்டத்தை எல்லாப் படிவங்களிலிருந்தும் எடுத்துவிடுவது என்றும், ஏற்கனவே ஊழியர் கோப்புகளில் இருந்த நகல்களை அவரவரிடமே திருப்பிக் கொடுப்பது என்றும் தீர்மானமானது. டாக்டர் தன் மறுப்பைக் கூட்டக் குறிப்பில் பதிவு செய்யச் சொன்னார். பதிவு செய்தோம். அவர் இன்றும் அதே கருத்தில்தான் இருக்கிறார். அதே சமயம், அந்த அம்மாவை நியமிக்க முதல் கையெழுத்துப் போட்டவரும் அவர்தான்.

நியமனக் கடிதம் போன பிறகு அந்த அம்மா கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்பினார். பொது அறிக்கை எதுவானாலும் ஆட்சிக்குழுவின் முன் அனுமதி வேண்டும் என்ற நிபந்தனை அதில் இருந்தது. எங்கள் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடும். சூளையிலிருந்து ராத்திரி தப்பி வருகிற குடும்பத்துக்குக் காலையில் பேச ஆள் வேண்டும். கட்சிகளுக்கு ஆதரவாகவோ எதிராகவோ பேசுவதில்லை, வழக்கில் இருக்கும் குழந்தைகளையும் பெண்களையும் அடையாளம் காட்டுவதில்லை, இந்த இரண்டு எல்லைக்குள் அவரே முடிவெடுக்கலாம் என்று திருத்தி எழுதினோம். பிறகு கையெழுத்துப் போட்டார்.

வேலைக்கு வந்த புதிதில் அவர் தலைமைச் செயலகம் பக்கமே போகவில்லை. களப்பணியாளர்களோடு உட்கார்ந்து, எந்தக் குடும்பத்துக்குப் பட்டா இல்லை, யாருக்குப் பழங்குடிச் சான்றிதழ் இல்லை, யாருடைய விடுதலைச் சான்றிதழ் மழையில் நனைந்து படிக்க முடியாமல் போனது என்று ஊர் ஊராகப் பட்டியல் எடுத்தார். கண்காணிப்புக் குழுத் தேதிகளைக் கேட்டுப் போட்ட தகவல் உரிமை மனுக்களுக்குப் பதில்கள் வர வர, அவற்றை அந்தப் பட்டியலோடு சேர்த்து வைத்தார். அடுத்து அதிகாரிகளைப் பார்க்கப் போனபோது அவர் தனியாகப் போகவில்லை. கண்காணிப்புக் குழுவில் உட்காரத் தகுதியுள்ள இருளர் பெண்களையும் அழைத்துப் போனார். பேச்சை அவர்களே தொடங்கினார்கள். அதிகாரியின் பெயரைச் சொல்லி, “ஐயா, எங்கள எப்ப உக்கார வைப்பீங்க?” என்று கேட்கிற அளவுக்கு அவர்களைத் தயார் செய்திருந்தார்.

2022 அக்டோபரில், மதம் மாறியவர்களுக்குப் பட்டியல் சாதி நிலை கொடுப்பது பற்றி ஆராய, முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் மத்திய அரசு ஆணையம் அமைத்தது. கிராமங்களிலிருந்து மனு எழுத வேண்டும் என்று எங்கள் இயக்குநர் புறப்பட்டபோது, சொல்ல வேண்டிய கதை எல்லோரிடமும் இருந்தது, கையெழுத்துப் போடத்தான் ஆளில்லை. மனுவில் பெயர் போட்டாலே தான் கிறிஸ்தவர் என்று அரசுக்கு எழுதிக் கொடுத்ததாகிவிடும். அவர் யாரையும் வற்புறுத்தவில்லை. பிள்ளைகளைக் கரையேற்றிவிட்ட, இனி எந்தச் சான்றிதழும் தேவைப்படாத முதியவர்களைத் தேடிப் போனார். அவர்கள் ஊருக்காகக் கைநாட்டு வைத்தார்கள்.

2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. சிறு வயதில் ஞானஸ்நானம் பெற்று ஆலயத்துக்குப் போய்வருகிறவர் வேலைக்காகப் பட்டியல் சாதிச் சான்று கேட்க முடியாது என்று நீதிமன்றம் மறுத்தது. அவருடைய ஞானஸ்நானமும் அந்த வழக்கில் சாட்சியமாயிற்று. தீர்ப்பு வந்த வாரம் எங்கள் களப்பணியாளர்கள் பலர் ஆராதனைக்கே போகவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். என்னை அது மிகவும் பாதித்தது. இன்றும் நினைத்தால் மனம் ஆறுவதில்லை.

நான் ஆட்சிக்குழுவிலிருந்து விலகிவிட்டேன். ஆனாலும் எங்கள் அட்வகசி இயக்குநர் எனக்கு வேலை கொடுக்காமல் விடுவதில்லை. சபைகளின் ஞானஸ்நானப் பதிவேடுகளை யார் பார்க்கலாம், யாருக்கு நகல் தரலாம், சம்பந்தப்பட்டவரைக் கேட்காமல் தரலாமா என்பதற்கு எங்கும் தெளிவான விதி இல்லை என்று கண்டுபிடித்து, திருமண்டலங்களுக்கும் மறைமாவட்டங்களுக்கும் கடிதம் எழுதியிருக்கிறார். பழைய மிஷன் பதிவேடுகள் எப்படி வைக்கப்பட்டன, யார் கையில் இருந்தன என்று எழுதித் தரும் பொறுப்பு என்னுடையது. சில இடங்களிலிருந்து சாதகமான பதில் வந்திருக்கிறது. பதில் எழுதாதவர்களை நேரில் போய்ப் பார்ப்பது என்று முடிவு செய்திருக்கிறோம். தென்மாவட்டங்களுக்குத் தான் கூட வருவதாக அண்ணாச்சி சொல்லியிருக்கிறார்.